சண்டையில்லாத தெரு

"எனக்கு மட்டும் சொல்லாம வுட்டுட்டீங்களேக்கா."

"சொல்றதுக்கு எங்கம்மா நேரம்? எல்லாம் திடீர்னு ஆயிடுச்சி" என்றாள் திலகவதி, சிரித்தபடி. வாசற்படியில் குறுக்காக நின்றிருந்தாள்.

ஹேமலதா இரண்டு நாள் வந்தவாசியில் இருந்துவிட்டு அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்தாள். எதிர்வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. வாடகை நாற்காலிகளில் சொந்தக்காரர்கள். தெருமுனைக்கு அந்தப் பக்கம் வரும்போதே பெண்கள் கூடிப் பாடுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. அவள் தெருவுக்குள் திரும்பியதும் அது பாதியில் நின்றுவிட்டது.

திலகவதி, குமரேசன் தம்பதியின் மகள் கனிமொழியைப் போன வாரம்தான் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். இது நிச்சயதார்த்தம்தான் என்பதில் ஹேமலதாவுக்குச் சந்தேகமே இல்லை. திலகவதியின் தலை நிறையப் பூ. முகத்தில் மஞ்சள், நெற்றியில் அகலமான குங்குமம். பெரணமல்லூரிலிருந்து அண்ணன் புடவை எடுத்துக்கொண்டு வந்திருப்பதாக வேறு சொன்னாள்.

சேவூருக்கு ஹேமலதா குடிவந்ததே இதற்காகத்தான். வீட்டு விசேஷத்துக்கு நாலு பேர் கூப்பிடும் ஒருத்தியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சென்னையில் அவளைக் கூப்பிட்டது போலீஸ் மட்டும்தான். கலவரம் என்றால் வீட்டு வாசலில் வேன் வந்து நிற்கும். கத்தியும் கல்லுமாக நிற்கும் கூட்டத்துக்குள் அவள் சும்மா நடந்து போவாள். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. அத்தனை பேரின் கோபமும் அடங்கிவிடும், கையில் இருந்தது கீழே விழும். டி.வி.யில் அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களோ பயந்து காலிசெய்துகொண்டு போனார்கள்.

இங்கே அது யாருக்கும் தெரியாது. பட்டு நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தாள். அந்தச் சக்தியை உள்ளுக்குள் பூட்டி வைத்துவிட்டதாக நம்பினாள். இந்தத் தெருவில் அதற்கு வேலையும் இல்லை. இங்கே சண்டை என்பதே கிடையாது. குடித்துவிட்டு வருகிறவன்கூட அவளைக் கடக்கும்போது புன்னகை செய்வான். கீழே விழுந்த குழந்தை அழ வாயைத் திறக்கும், அவளைப் பார்த்ததும் மூடிக்கொள்ளும். எவ்வளவு நல்ல ஜனங்கள் என்று நினைத்துக்கொள்வாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் சந்தோஷமாக இருந்தாள்.

வெறுங்கையோடு நிற்கக் கூடாதென்று பையிலிருந்து இனிப்பு டப்பாவை எடுத்து நீட்டினாள். திலகவதி அதைப் பார்த்துச் சிரித்தாள். வாங்கிக்கொள்ளவில்லை.

பந்தலில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. கனிமொழி தூணில் சாய்ந்து, பல் தெரியச் சிரித்தாள். அவள் கைகள் மட்டும் தாவணித் தலைப்பை முறுக்கி முறுக்கிக் கிழித்துக்கொண்டிருந்தன.

"குமரேசண்ணன் எங்கக்கா?"

"உள்ளதான். கூடத்துல."

"அவர்கிட்ட ஒரு வார்த்த பேசிட்டுப் போயிடறேன்."

திலகவதி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஊர்ல இல்லாதப்ப இந்தத் தெருவ பாத்திருக்கியா? நேத்துகூட கொழாயடில மண்டைய ஒடச்சிகினாங்க. நீ திரும்பி வந்தா ஒருத்தரும் மூச்சு வுட மாட்டாங்க. எங்களுக்கு எப்பவோ தெரியும்மா."

ஹேமலதா இனிப்பு டப்பாவைப் பைக்குள் திணித்தாள். "தெரிஞ்சுமா என்ன வெச்சிகினீங்க?"

"நல்லாத்தான இருந்துச்சு. உன்ன யாரு போவச் சொன்னா? பேஜாரு புடிச்ச பொழப்புல நீ இருந்தா மனசு லேசா இருக்குது. இங்கியே இரு. இன்னிக்கு மட்டுந்தான்…"

திலகவதி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சிரித்துச் சிரித்து வலியெடுத்த கன்னம் வெட்டி வெட்டி இழுத்தது.

"விடிகாலைல நெஞ்ச புடிச்சிகினு சாஞ்சவருதான். சாயந்திரம் எடுத்துடுவாங்க. அதுக்குள்ள கொஞ்ச நேரம் தெருமுனைக்கு அந்தாண்ட போயி நில்லும்மா, எம் புருஷனுக்கு நான் அழுவணும்."