பதினேழாவது தையல்

இறாலின் தலைமுள் குத்தி தேசப்பனின் வலது கண்ணில் கருவிழிப்படலம் வெளுத்துப்போயிருந்தது. முகம் தெரியாத ஒருவர் தானமாகத் தந்த படலத்தைப் பொருத்தி, டாக்டரம்மா பதினாறு தையல் போட்டார். கருவிழிப்படலத்தில் ரத்தக் குழாயே கிடையாது, ஆற மாதக்கணக்காகும், தையல் விட்டால் பார்வை போய்விடும் என்றார். பார்வை போனால், ஊரார் முறைவைத்து மீன் பிடிக்கும் ஏரியில் அவன் முறைக்கு வலை போட வீட்டில் வேறு ஆள் இல்லை.

மூன்றாம் மாதம் டாக்டரம்மா இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார்.

"ஒண்ணு அவுந்திருக்கு. ஆனா பக்கத்துல புதுசா ஒண்ணு இருக்கே, நான் போடலையே. வெளியில யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"எங்க கோட்டைக்குப்பத்துல வலை தைக்கத்தான்மா ஆளு இருக்கு. கண்ணு தைக்க எவன் இருக்கான்?"

அவர் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். முடிச்சு இடப்பக்கமாகச் சுற்றி இறுகியிருந்தது. குப்பத்தில் இடது கையால் வலைக்கு முடிச்சுப் போட்டவன் அவன் அண்ணன் கோதண்டம் மட்டும்தான். போன ஐப்பசியில் முகத்துவாரத்தில் முழுகியவன். உடல் கிடைக்கவில்லை.

"எடுத்துடலாமா?"

"வோணாம்மா. அது அவுறாது."

வீட்டில் அண்ணனின் வலை ஊசி, அவன் போனதிலிருந்து யாரும் தொடாமல், சுவர் ஆணியில் தொங்கியது. அதில் சுற்றியிருந்த நூலின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.