ஆடாத கட்டைவிரல்

ஜன்னல் வழியாக வரும் மதிய வெயில் கலியனின் பாதங்களில் மட்டும் விழுகிறது. முதுகுத்தண்டில் இருந்த கட்டியை நேற்றுதான் எடுத்திருக்கிறார்கள்; தலையைத் தூக்காமல் மல்லாந்தே கிடக்க வேண்டும். தையலிலிருந்து வரும் மெல்லிய குழாய் கட்டிலோரம் தொங்கும் பாட்டிலில் முடிகிறது. காலை வரை அதில் சொட்டிய ரத்தம் இப்போது வரவில்லை. நின்றுவிட்டதென்று மகள் நர்மதாவுக்கு நிம்மதி. கடம்பத்தூருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொல்லியும்விட்டாள். “கால் கட்டவெரல ஆட்டு நைனா, பாக்கலாம்.” “ஆட்டிக்கினுதானே கீறேன்.” வயல்சேற்றின் கறை போகாத நகம் வெயிலில் அப்படியே நிற்கிறது. காலையில் ஆடிய விரல்தான். அவர் முகத்தைப் பார்க்கிறாள். பொய் சொல்லும் முகமில்லை அது. மறுபடி விரலைப் பார்க்கிறாள். வெளியே கும்மிடிப்பூண்டிக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஒன்று விடாமல் ஹாரன் அடிக்கிறது. உள்ளே வரும் நர்ஸ் பாட்டிலைப் பார்க்கிறாள், குழாயை நீவுகிறாள், பாதத்தைக் கிள்ளுகிறாள். “ரத்தம் நின்னுபோச்சு சிஸ்டர்,” என்கிறாள் நர்மதா. “நிக்கலம்மா. டியூப் அடைச்சிக்கிச்சு. உள்ளேயே தேங்கி நரம்ப அழுத்துது போல.” டாக்டரைக் கூப்பிட்டபடியே நர்ஸ் ஓடுகிறாள். ரத்தம் வந்தால் நல்லதா, வராவிட்டால் நல்லதா? நர்மதாவுக்கு எதுவும் பிடிபடவில்லை. அப்பாவின் இரண்டு பாதங்களையும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். “எங்க போய்ட்டம்மா?” என்கிறார் கலியன், கூரையைப் பார்த்தபடி. “கிட்ட வந்து பாரு, இப்ப ரெண்டு காலையும் ஆட்டறேன்.”