திரையின் துடிப்பு

லினக்ஸ் இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள் காலையில் செண்பகவடிவின் அலுவலகக் கணினியில், கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் ஜன்னல் துடிக்க ஆரம்பித்தது. எழுத்துகள் மேலே நகரும்போதெல்லாம் கறுப்பு ஜன்னல் முழுவதும் பளீரென்று வெளுத்து அணைந்தது. அவளுக்கு வலிப்பு உண்டு. இப்படி வெட்டும் வெளிச்சம் ஆகாது. வேலைக்குச் சேர்ந்த இந்தப் பதினோரு நாளில் அதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. முந்தைய அலுவலகத்தில் சொன்ன பிறகுதான் வேலை போயிற்று.

கண் கூசுகிறது என்று மட்டும் சொல்லி, இந்த அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பீர்முகமதைக் கூப்பிட்டாள். அவர் கர்சர் சிமிட்டுவதை நிறுத்தினார். ஜன்னல்கள் விரிந்து சுருங்கும் அனிமேஷனை எடுத்துவிட்டார். துடிப்பு நிற்கவில்லை. அவர் எழுத்துகளை ஓட்டிப் பார்த்த ஒவ்வொரு முறையும் அவள், டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி, ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். கடைசியில் திரையை இயக்கும் மென்பொருளான டிஸ்ப்ளே டிரைவரில் பழையதையே திரும்பப் போட்டு, ஆயிரம் வரிகளை ஓடவிட்டார். திரை அமைதியாக இருந்தது.

"இப்பப் பாருங்க மேடம்."

பார்த்தாள். "சரியாயிட்டு சார். தேங்க்ஸ்."

அவர் எழுந்திருக்கவில்லை. "வெறும் கண்கூச்சத்துக்கு யாரும் இப்படிப் பயப்பட மாட்டாங்க" என்றார், தாழ்ந்த குரலில்.

அவள் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். நீங்க விழுந்தா நான் என்ன செய்யணும், அத மட்டும் சொல்லுங்க."

அவள் வாசலை ஒருமுறை பார்த்தாள். பிறகு நாற்காலியை அவர் பக்கம் திருப்பி, "முதல்ல, என் கையக் காலப் பிடிச்சு அமுக்கக் கூடாது" என்று ஆரம்பித்தாள்.