ஒரே ஒரு நம்பர்

“முப்பது வருஷமா சாரம் கட்டுறேங்கறீங்க. உங்களைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்ல ஒரே ஒரு ஆள்தான் கிடைச்சாரா?”

வாசலில் நின்ற சாரக்காரர் போன் நம்பர் எழுதிய துண்டுக் காகிதத்தை அவள் கையில் கொடுத்தார்.

“பேசிப் பாருங்கம்மா. பேசிட்டு முடிவு பண்ணுங்க.”

அவ்வளவுதான். விறுவிறுவென்று படியிறங்கிப் போயே போய்விட்டார்.

“சரியான உம்மணாமூஞ்சி!” என்றாள் அவள், குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டே.

உள்ளே பிரஷ் கழுவிக்கொண்டிருந்த புருஷன் சிரித்தான். அவன் பெயிண்டர். இத்தனை நாளும் யார் யாரிடமோ கூலிக்குப் போனவனுக்கு, முதல்முதலாகச் சொந்தமாக ஒரு காண்ட்ராக்ட் கிடைத்திருக்கிறது. மூன்று மாடிக் கட்டடம். வெளிச்சுவர் முழுக்க அவன் பொறுப்பு. ஏறி நின்று அடிக்க, சாரம் கட்டும் ஆளையும் அவனேதான் பிடிக்க வேண்டும்.

“உன்னை எனக்குக் கட்டிக் கொடுக்கறப்பகூட உங்க வீட்டுல இவ்வளவு விசாரிக்கலையேடி.”

“அதனாலதான் மாட்டிக்கிட்டு முழிக்கிறேன். இதையாவது ஒழுங்கா விசாரிக்க விடுங்க.”

வாய்தான் விளையாட்டுக்குப் பேசியது. நாலு இரும்புக் குழாயையும் ரெண்டு பலகையையும் நம்பி, அவ்வளவு உயரத்தில் நிற்கப் போகிறவன் அவன்.

காலையில் வந்த இன்னொரு சாரக்காரர் வாயெல்லாம் பல்லாகப் பேசினார். கேட்காமலே பத்து நம்பர் கொடுத்தார். மூன்று பேரிடம் பேசினாள். மூன்று பேரும் தேனொழுகப் புகழ்ந்தார்கள். கடைசி ஆள் மட்டும், “எங்க மச்சான் கட்டினா மலை மாதிரி நிக்கும்ங்க… அதாவது, அந்தக் காண்ட்ராக்டர்…” என்று உளறிக் கொட்டினான்.

“மச்சானா இருந்தா என்ன, மாமனா இருந்தா என்ன? சிரிச்ச முகமா இருக்காரு. அவரையே வரச் சொல்லிடறேன்” என்றான் புருஷன்.

“சிரிச்ச முகத்துமேலயா ஏறி நிக்கப் போறீங்க? இருங்க, இந்த ஒத்தை நம்பரையும் கேட்டுடறேன்.”

ஸ்பீக்கரில் போட்டாள். ரெண்டு மூன்று முறை மணி அடித்த பிறகுதான் எடுத்தார்கள். ஓர் ஆண் குரல்.

“அண்ணே, சாரம் கட்டுறவர் ஒருத்தர் உங்க நம்பரைக் கொடுத்தாரு. அவர் வேலை எப்படின்னு கேக்கலாம்னு…”

“ஓ, பெரியவர் கொடுத்தாரா? சரிம்மா. நான் கொத்தனாரு. ஏழு வருஷத்துக்கு முன்னாடி அவர் கட்டின சாரத்துலேர்ந்துதான் கீழ விழுந்தேன்.”

அவளுக்குப் பகீரென்றது.

“விழுந்தீங்களா?”

“ரெண்டாவது மாடி உசரம்மா. நல்லவேளை, கீழ மணல் கொட்டி வச்சிருந்தாங்க. தொடை எலும்பு ரெண்டாப் போச்சு. எட்டு மாசம் படுக்கை.”

‘வை, வை, போனை வை’ என்று புருஷன் கையை ஆட்டினான். அவள் வைக்கவில்லை. அவளுக்குச் சுறுசுறுவென்று கோபம் ஏறியது.

“ஏண்ணே, அந்த மனுஷனுக்கு மூளை கீளை இருக்கா? போயும் போயும் உங்க நம்பரையா கொடுப்பாரு?”

மறுமுனையில் சிரிப்பு. “யார் கேட்டாலும் இதைத்தாம்மா கொடுப்பாரு. ‘முதல்ல கெட்டதைக் கேட்டுக்கட்டும்’னுவாரு.”

“அப்ப, விழுந்தது அவர் தப்புலயா?”

“கால் வழுக்கிடுச்சுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன். மூணாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. கட்டில் ஓரமா உட்கார்ந்து, ‘குழாயைக் கவ்வுற ஒரு கிளாம்பை முறுக்காம விட்டுட்டேன்ப்பா. தப்பு என்னோடது’ன்னாரு. அவர் வாயைத் திறக்கலேன்னா யாருக்குமே தெரிஞ்சிருக்காதும்மா.”

பிரஷ் கழுவும் சத்தம் நின்றது. புருஷன் ஈரக் கையோடு பக்கத்தில் வந்து நின்றான்.

“அதோட விட்டாரா? எட்டு மாசமும் தினம் காலையில வந்து என்னைக் குளிப்பாட்டிட்டுத்தான் வேலைக்குப் போவாரு. என் வீட்டுக்காரி முதல்ல அவர் மூஞ்சியிலயே முழிக்கல. கதவைச் சாத்தினா வாசல்லயே உட்கார்ந்திருப்பாரு. ஒரு வார்த்தை பேச மாட்டாரு. ஆனா முதுகு தேய்க்கிறது மட்டும், அடிப்பிடிச்ச பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்ப்பாரும்மா!”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தை போனைப் பிடுங்கப் பார்த்தது. விலக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஆனாலும் மனசு பிடி கொடுக்கவில்லை. மனுஷன் நல்லவராக இருக்கலாம். அதற்காக, ஒருமுறை ஆளைக் கீழே தள்ளிய சாரத்தில் புருஷனை ஏற்றிவிட முடியுமா?

“அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. ஏறப் போறது எங்க வீட்டுக்காரரு. நான் கைக்குழந்தையை வச்சுக்கிட்டு நிக்கிறேன். உங்க கூடப்பிறந்தவளா நெனச்சுச் சொல்லுங்க. அவரைக் கூப்பிடலாமா, வேணாமா?”

“கொஞ்சம் இரும்மா. கீழேர்ந்து கலவைச் சட்டி வருது. வாங்கி வச்சுட்டுப் பேசறேன்.”

“கீழேர்ந்தா? நீங்க எங்கண்ணே இருக்கீங்க?”

“மூணாவது மாடி உசரத்துல நின்னு பூசிக்கிட்டு இருக்கேன். அவர் கட்டின சாரம்தாம்மா.”