தியேட்டர் கொப்பி

"படம் கூடாது, தம்பி. ஆனால் இந்தக் கசட்டை அழிச்சுப்போடாதேங்கோ."

யோகமலர் கசட்டை மேசைமீது வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

லாபிர் சிரித்தான். உட்துறைமுக வீதியில் அவன் நடத்திய வீடியோக் கடையில் அந்தப் படத்தைப் பற்றி நல்வார்த்தை சொன்னவர் எவருமில்லை. சென்னைத் தியேட்டர் ஒன்றில், கூட்டத்தின் நடுவே கமெராவை மறைத்துவைத்து எடுத்த கொப்பி அது. நாயகனின் முகத்தைவிட முன்வரிசைக்காரரின் தலைகளே தெளிவாகத் தெரியும். வசனத்தைவிட இருமலும் சிரிப்பும் உரக்கக் கேட்கும். படத்தில் வரும் தாய் செத்து முடிவதற்குள் தனக்கே உயிர் போய்விட்டதென்று வாடிக்கைக்காரி நஜ்முன் நிஸா பாதியிலேயே திருப்பித் தந்தாள். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரோ, நாயகனின் தலைமயிரைத் தவிர மற்றதெல்லாம் பழையது என்று தீர்ப்பளித்தார்.

யோகமலர் மட்டும் அதை ஒன்பது தடவை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தாள். போர்க்காலமாகையால் கொழும்பிலிருந்து புதுக் கசட்டு வருவது அரிதாயிருந்தது. அன்று பின்னேரமே அதன்மேல் வேறொரு படத்தைப் பதிந்துவிட லாபிர் எண்ணியிருந்தான்.

"கூடாத படத்தை ஏனக்கா ஒன்பது தரம் பார்த்தனீங்கள்?"

அவள் வாசலை ஒருமுறை நோக்கிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இவர் அதுக்குள்ளை இருக்கிறார்."

லாபிரின் சிரிப்பு அடங்கியது. 'இவர்' என்பது அவள் கணவன் குஞ்சித்தம்பி. இரண்டாண்டுகளுக்கு முன் துறைமுக வாயிலைத் தாண்டிப் போன அவனது வள்ளம் திரும்பி வரவில்லை. ஒரு பலகைத் துண்டுகூடக் கரையொதுங்கவில்லை. அதற்கு முன்னெல்லாம், மாலைதோறும் இந்தக் கடையின் சுவரோரத்து மரவாங்கில் அமர்ந்து, ஓடுகிற படம் எதுவாயினும் அதற்குக் குற்றப்பத்திரிகை வாசிப்பான் அவன். லாபிரை 'டைரக்டர் தம்பி' என்று அழைப்பான். உலகில் வேறெவரும் அவனை அப்படி அழைத்ததில்லை.

யோகமலர் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்தப் படம் வெளியானது சென்ற தீபாவளிக்கு. தியேட்டர்க் கூட்டத்திலிருந்து ஒரு குரல் படம் முழுக்கக் குறை சொல்லிக்கொண்டே வருகிறது. வீட்டில் போட்டுப் பார்க்கும்போது பக்கத்தில் இருந்து பேசுவதுபோல் அது அத்தனை தெளிவாகக் கேட்கிறது. அது அவனுடைய குரலேதான். வள்ளம் இந்தியக் கரையில் ஒதுங்கியிருக்க வேண்டும். ஆள் அங்கே நலமாயிருந்து படமும் பார்த்திருக்க வேண்டும். ஆனால், கணவனின் தமையன் காசிநாதர் இதை நம்ப மறுக்கிறார். வருகிற திங்கட்கிழமை, கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில், தம்பிக்கு அந்தியேட்டிக் கிரியை செய்ய ஐயரிடம் நாள் குறித்துவிட்டார். அன்று அவள் தாலியைக் கழற்றியாக வேண்டும்.

"உயிரோடை இருக்கிற மனிசனுக்கு எள்ளுந் தண்ணியும் இறைக்கச் சொல்லுறார், தம்பி. என்ரை காது பிழையாம். இவரின்ரை குரல் உங்களுக்குத் தெரியுமெல்லோ? நீங்கள் கேட்டுச் சொன்னால் அவர் நம்புவார்."

லாபிர் கசட்டை டெக்கினுள் இட்டு, அவள் சொன்ன இடம்வரை ஓட்டினான். திரையில் கடல் விரிந்தது. நாயகியை ஏற்றிக்கொண்டு நாயகன் வள்ளம் வலித்துப் பாடினான். கூட்டம் விசிலடித்தது. அந்த விசிலுக்கூடாக, கரகரத்த குரலொன்று தெளிந்து வந்தது.

"துடுப்பைத் தலைகீழாப் பிடிச்சிருக்கிறான். இவனை நம்பிக் கடலுக்குப் போனவளைச் சொல்லவேணும்."

லாபிர் அந்தக் குரலை அறிவான். ஐயமே இல்லை. அந்தக் கரகரப்பும், அந்தக் குத்தலும், பேச்சின் ஈற்றில் வருகிற அந்தச் சிறு செருமலும் குஞ்சித்தம்பிக்கே உரியவை.

"ஓமக்கா, அண்ணன்தான்," என்றான். "ஞாயிற்றுக்கிழமை நானே வந்து காசிநாதரிட்டைச் சொல்லுறன். அந்தியேட்டியை நிப்பாட்டச் சொல்லுங்கோ. இந்தக் கசட்டு இனி உங்கடைதான்."

யோகமலர் தாலிக்கொடியை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். கோணேசர் குடிகொண்ட மலையின் திசை நோக்கி அவள் கைகள் தாமாகவே குவிந்தன. இரண்டாண்டாகக் காணாத ஒரு வெளிச்சம் அவள் முகத்தில் படர்ந்தது.

அவ்வேளை வீதியில் சப்பாத்துக் காலடிகள் கேட்டன. படையினர் ரோந்து வரும்போது கடைகளுக்குள் ஆரவாரம் கேட்டால் உள்ளே வந்து விசாரிப்பார்கள். லாபிர் வழக்கம்போல் விரைந்து, சத்தத் திருகியை முற்றாகக் குறைத்தான். நாயகன் ஓசையின்றி வாயசைத்தான். விசிலும் சிரிப்பும் அற்றுப் போயின. காலடிகள் கடையைக் கடந்து, துறைமுகப் பக்கமாகத் தேய்ந்து மறைந்தன. டிவி ஊமையாகவே ஓடிக்கொண்டிருந்தது.

அவர்கள் முதுகுக்குப் பின்னால், ஆளில்லாத மரவாங்கிலிருந்து ஒரு சிறு செருமல் எழுந்தது.

"படத்திலை நல்ல இடம் இதொண்டுதான். ஏன் சத்தத்தைக் குறைச்சனீங்கள், டைரக்டர் தம்பி?"