மூன்றாவது கோல்கீப்பர்

"உலகத்திலை கோல் காக்கத் தெரிஞ்ச ஆக்கள் ரண்டே ரண்டு பேர்தான், பிலோமினா. அதிலை ஒருத்தர் செத்திட்டார்."

"மற்றவர் ஆர் அண்ணை?"

மரியரட்ணம் தன்னடக்கத்தோடு தலையைக் குனிந்தான். பதில் தெரிந்தே கேட்ட பிலோமினா, கல்லாவுக்குப் பின்னாலிருந்து சிரித்தாள்.

பாரிசில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், லூசியனுடைய பலசரக்குக் கடையில் அவளுக்கு வேலை. புறநகரான பொபினிக்கு அங்கால் ஓர் ஐஸ் ஹொக்கி அரங்கில் கூட்டுகிற வேலை கிடைத்த நாளிலிருந்து, மரியரட்ணம் பின்னேரங்களில் இந்தக் கடைக்கு வருவான். ஒரேயொரு எலுமிச்சங்காய் வாங்குவான். ஒரு மணித்தியாலம் ஆட்டம் சொல்லுவான்.

இன்றைக்கும் வந்தான். ஆனால் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் பிலோமினாவின் பெட்டி கட்டி வைக்கப்பட்டிருந்தது. எண்பத்தேழில், தமிழர் கூடுகிற இந்த லா சப்பல் பகுதியில் ஆளுக்கு ஆள் கனடாவுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள்; இது அவளுடைய முறை. மொன்றியலில் தமையன். தமையன் பார்த்து வைத்திருக்கிற மாப்பிள்ளை. அவள் இன்னும் ஓம் சொல்லவில்லை.

'போகாதையும்' என்கிற ஒரு சொல்லைச் சொல்லத்தான் மரியரட்ணம் வந்திருந்தான். வாயைத் திறந்ததும் ஹொக்கி வந்துவிட்டது.

"மன்னாரிலை கோயில் புட்போல் ரீமுக்கு நான் கோல் காத்தனான். ஒரு கோலும் விடேல்லை. உள்ளுக்குப் போனதெல்லாம் நடுவரின்ரை பிழை."

"ஓம், சொன்னனீங்கள்."

"இஞ்சை பாரும், சம்பளம் வாங்கி விளையாடுற ரீம். ஒரு கோல்கீப்பருக்கு வழியில்லை. முதலாவது கனடாக்காரன், முழங்கால் போச்சு. ரண்டாவது ஆள் கோச்சோடை கோவிச்சுக்கொண்டு சுவிசுக்குப் போட்டான்."

"போன கிழமை சுவிசுக்குப் போனது முதலாவது ஆள் எண்டனீங்கள்."

மரியரட்ணம் நெற்றி வியர்வையைத் துடைத்தான். "அந்த ரீமிலை போக்குவரத்துக் கூட."

"சரி, மூண்டாவது ஆள்?"

"அவனைக் கேக்காதையும். நேற்று ஏழு கோல். கடைசிக் கோல் இருக்கே, அதைப் பாத்திருந்தால் நீர் அழுதிருப்பீர். அந்த றப்பர் வட்டு வேகமா வந்தாலும் பரவாயில்லை. ஆறுதலா வருது. ஐஸிலை சறுக்கிச் சறுக்கி, 'இந்தா வாறன், பிடி' எண்டு சொல்லிச் சொல்லி வருது. இவன் பாத்துக்கொண்டே நிக்கிறான்! கை ரண்டும் சும்மா தொங்குது. ஒரு கையை நீட்டினால் காணும்."

"ஏன் நீட்டேல்லை?"

"பயம்."

"வட்டுக்கோ?"

"வட்டுக்கு ஆர் பயப்பிடுறது? கையை நீட்டி, பிடி தவறினால் தன்ரை பிழையாப் போயிடும். பேசாமல் நிண்டால் வட்டின்ரை பிழை. கோழைப் பயல்! அப்பிடி ஒருத்தனைக் கோலுக்கை நிப்பாட்டுறதைவிட ஒரு அரிசி மூட்டையை வைக்கலாம்."

பிலோமினா அரிசி மூட்டையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"பாவம் அந்த வட்டு" என்றாள்.

வெளியே கார் ஒன்று வந்து நின்றது. புதுச்சேரிக்காரரான கடை முதலாளி லூசியன் அதிலிருந்து தலையை நீட்டினார்.

"பிலோமினா! இப்பக் கெளம்பினாத்தான்மா ருவாசில பிளேனப் புடிக்க முடியும். எங்க உன் வலீஸ்?"

அவரே இறங்கி வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். பிலோமினா கல்லாவை விட்டு வெளியே வந்தாள். வாசலில் நின்று, கைப்பையை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

"அப்ப நான் வரட்டே அண்ணை?"

"ஓம் ஓம். அங்கை சரியான குளிர். தொப்பி போடும்."

"வேறை ஒண்டும் இல்லையோ?"

மரியரட்ணம் யோசித்தான். தொண்டையைச் செருமினான்.

"கனடாவிலை நல்ல கோல்கீப்பர்மார் இருக்கினம்" என்றான்.

அவள் கார்வரைக்கும் போனாள். கதவைத் திறந்தாள். ஏறவில்லை. திரும்பினாள்.

"மரியரட்ணம்."

'அண்ணை' இல்லாமல் அவனுடைய பெயர் அவள் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தரம்.

"இது ஆனி மாசம். உங்கடை ரீமின்ரை ஆட்டமெல்லாம் பங்குனியோடை முடிஞ்சு, அந்த ஐஸையும் அப்பவே உருக்கிப்போட்டினம். சாமான் இறக்க வாற ழாக் அந்த ரீமிலை பைத்தியம், அவர்தான் சொன்னவர். நீங்கள் இப்ப ரெஸ்ரோறன்றிலை கோப்பை கழுவுறதும் எனக்குத் தெரியும். நடக்காத ஆட்டத்தையெல்லாம் நான் ஏன் ஒவ்வொரு நாளும் இருந்து கேட்டனான்?"

கதவைப் பிடித்தபடி அவள் நின்றாள். லூசியன் ஹோர்ன் அடிக்கவில்லை. கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, இல்லாத தலைமுடியைச் சீவத் தொடங்கினார்.

சீவி முடித்தார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

முன்னால் ஒரு லொறி சாமான் இறக்கிக்கொண்டிருந்ததால் கார் வேகமெடுக்க முடியவில்லை. அவள் பக்கத்துக் கண்ணாடி இறக்கியபடியே இருக்க, அது ஆறுதலாக, மிக ஆறுதலாக, கையெட்டுகிற தூரத்தில் அவனைக் கடந்து போனது. மரியரட்ணம் பார்த்துக்கொண்டே நின்றான். கை இரண்டும் சும்மா தொங்கின.