வேலை நீக்க ஒத்திகை

பழங்காநத்தத்து மாடி வீட்டில், காலை வெயில் விழும் கட்டிலில் லேப்டாப்பைத் திறந்து வைத்து உட்கார்ந்திருக்கிறாள் நாகஜோதி. மதியம் இன்ஜினியரிங் மேனேஜர் வேலைக்கு இன்டர்வியூ. சரியாக வேலை செய்யாதவரை எப்படிக் கண்டிப்பீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். போன தடவை அந்தக் கேள்வியில்தான் வேலை கைநழுவியது. ஒத்திகைக்காகத் தம்பி அழகுபாண்டி எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் வேலை செய்யாதவனாக உட்கார்ந்திருக்கிறான். அடுப்படியில் அம்மா மிக்சியில் சட்னி அரைக்கிறாள். நாகஜோதி குரலை இறுக்கிக்கொள்கிறாள். "உங்க வேலை திருப்தியா இல்ல. இப்படியே போனா உங்கள வச்சுக்க முடியாது." அழகுபாண்டி தலை குனிந்து பனியன் நுனியைத் திருகுகிறான். "மேடம், வீட்டுல ரெண்டு பொம்பளப் பிள்ளைக. மூத்தவளுக்கு வீசிங் வேற." கல்யாணமே ஆகாதவனின் கண்ணில் நீர் திரள்கிறது. இல்லாத அந்த மூத்தவள் மூச்சுக்குத் திணறுவது நாகஜோதிக்குக் காதிலேயே கேட்கிறது. "சரி, அழாதீங்க. ரெண்டு நாள் லீவு எடுத்துக்கங்க. சம்பளம் கூட்டித் தரச் சொல்லி நான் மேல பேசுறேன்." மிக்சி நிற்கிறது. "எம்புட்டுக் கூட்டுவாகன்னு இப்பவே கேட்டுக்கடா," என்கிறாள் அம்மா. அழகுபாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை அக்காவுக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போடுகிறான்.